மூடியில் வரைந்த மூக்குகள்

ஜாடியைத் திறக்க இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் ஜெயசீலி இன்குபேட்டர் முன்னால் வந்து நின்றாள். காலையில் வந்ததிலிருந்து எத்தனையாவது தடவையோ. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, உடம்புச் சூட்டில், வாய் அகன்ற அந்தப் பழைய ஜாடி உட்கார்ந்திருந்தது. அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டத் தட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலே நேற்று அவள் ஏற்றி வைத்த குட்டி மெழுகுவர்த்தி, அணைந்து, திரி கறுத்து. நிமோனியாக் காய்ச்சலைக் கொண்டுவருகிற இந்தக் கிருமிக்கு, நிமோகாக்கஸ் என்று பெயர், வெறும் காற்று சரிப்படாது. யாராவது மூச்சு விட்டு வைத்த காற்றுதான் வேண்டும். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி ஜாடியை இறுக மூடினால் அது உள்ளே இருக்கிற காற்றைக் கொஞ்சம் தின்று, தானும் அணைந்து, கிருமிக்குத் தோதான புழுக்கத்தை விட்டுவிட்டுப் போகும். பெரிய ஊர்களில் இதற்கென்று சிலிண்டர் வைத்த பெட்டி உண்டாம். உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்றுகொண்டிருக்கிற இந்தத் தூத்துக்குடி லேபில் மெழுகுவர்த்திதான், அதுவும் மாதா கோவில் வாசலில் வாங்கியது. வேண்டுதலுக்கு வாங்கும் மெழுகுவர்த்தியில் கிருமி வளர்க்கிறோமே என்று அவளுக்கு முன்பெல்லாம் கொஞ்சம் உறுத்தும். இப்போது அதுவும் ஒரு வேண்டுதல்தான் என்று தோன்றிவிட்டது, என்ன வேண்டுகிறோம் என்றுதான் தெளிவாகத் தெரியவில்லை. திறக்காதே, சீலி. இட்லிக் கொப்பரையை வேகுமுன் திறந்து பார்த்து அம்மாவிடம் வாங்கிய குட்டு இன்னும் மண்டையில் இருக்கிறது. அந்தக் குரங்குப் புத்திக்கு மெடிக்கல் காலேஜில் இடம் கொடுத்து, மைக்ரோபயாலஜி டாக்டர் என்று பட்டமும் கொடுத்து, பார்த்துக்கொண்டே இரு என்று சம்பளமும் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பார்ப்பதுதான் அவள் வேலை. வார்டில் இருமுகிறவர்களின் சளியிலிருந்து கிருமியைப் பிரித்து, ரத்தம் கலந்த செந்நிறத் தட்டில் பரப்பி, அதன்மேல் மருந்தில் ஊறிய சின்னச் சின்னக் காகித வட்டங்களை, டிஸ்க் என்பார்கள், வைத்துவிட வேண்டும். மறுநாள் டிஸ்க்கைச் சுற்றி வெட்டவெளி விழுந்திருந்தால் மருந்து கிருமியைக் கொல்கிறது என்று அர்த்தம். டிஸ்க்கின் விளிம்பு வரை கிருமி வளர்ந்து நின்றால் மருந்துக்கு அது மசியவில்லை. எந்த மருந்துக்கு எத்தனை கிருமி மசியவில்லை என்று மாதாமாதம் மேலே எழுதி அனுப்பினால், எந்த ஊரில் எந்த மருந்து செத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுகிறார்கள். மருந்து சாகிறது என்று சொன்னால் ஜனங்களுக்குப் புரிவதில்லை, டாக்டர் கைராசி போய்விட்டது என்கிறார்கள். போகட்டும். இந்த லேபில் இன்னொரு வழக்கம் உண்டு, எந்தப் புத்தகத்திலும் கிடையாது. புதிதாகத் தட்டு ஊற்றினால், நோயாளியின் சளியை அதில் இறக்குமுன் நம் மூக்கை முதலில் கொடுப்பது. ரிட்டயர் ஆகிப்போன பழைய டாக்டர் ஆரம்பித்துவைத்தது: மனுஷ மூக்கில் ஏதாவது இருக்கும், அது இந்தத் தட்டில் வளர்ந்தால் தட்டு நல்ல தட்டு. முறைக்கு இரண்டு பேர். இந்த முறை ஜெயசீலியும் டெக்னீசியன் இசக்கிராஜும். குச்சியில் பஞ்சு சுற்றி மூக்குக்குள், பின்னந்தொண்டை வரை விட்டுச் சுழற்றும்போது கண்ணில் தண்ணீர் வந்து இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பேர் எழுதும் வழக்கமும் இல்லை. நோயாளியின் தட்டு என்றால் அடிப்பக்கத்தில் நம்பர், மூக்குத் தட்டு என்றால் மூடியில் ஒரு மூக்குப் படம். இசக்கிக்கு நீளமாக, கிளி மூக்காக. அவளுக்குச் சப்பையாக ஒன்று. ‘மேடம், என் மூக்கு இவ்வளவு நீளமா?’ என்று அவன் கேட்டதும், ‘இடம் பத்தலை இசக்கி, இல்லன்னா இன்னும் இழுத்திருப்பேன்’ என்று அவள் சொன்னதும் முந்தாநாள்தான். நேற்றுக் காலையில் பார்த்தால் இரண்டு மூக்கிலும் சொல்லிவைத்தாற்போல் அதே கிருமி, நடுவில் குழிந்த, பச்சை படர்ந்த பொட்டுப் பொட்டான கூட்டங்கள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, வாடகையும் தராமல் மூக்கில் குடியிருக்கிறது. பார்த்துவிடுவோமே, எந்த மருந்துக்கு மசியும் என்று இரண்டையும் புதுத் தட்டுகளில் பரப்பி, மூடியில் அதே மூக்குகளை வரைந்து, டிஸ்க் வைத்து ஜாடியில் ஏற்றி, பழைய தட்டுகளை அவித்துக் கொட்டியாயிற்று. வேடிக்கையாகத்தான் செய்தார்கள். இன்றைக்கு அக்கா வருகிறாள் என்று அப்போது தெரியாது.

போன் அடித்தது. அக்கா அமலிதான். ‘அருப்புக்கோட்டை தாண்டிட்டோம்டி. டிரைவர் காபி குடிக்கணும்னு நிப்பாட்டிருக்கான். நான் எறங்கல. எல்லாரும் தலையவே பாக்காங்க.’ தலையில் முடி இல்லை, மதுரையில் ஏற்றுகிற மருந்து அதை முதலில் எடுத்துக்கொண்டது. பிறகு ரத்தத்தின் வெள்ளை அணுக்களை. ஒரு சாதாரணக் காய்ச்சலும் இப்போது அக்காவுக்குச் சாதாரணமில்லை. அத்தான் கப்பலில் இருக்கிறார், எந்தக் கடலில் என்று அக்காவுக்கே நிச்சயமில்லை. மாமியார் வீட்டில் ஒரு வாரம் வைத்துக்கொண்டார்கள், தட்டு டம்ளரைத் தனியாக வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்று பேசினார்கள். புற்றுநோய் ஒட்டாது என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. பிறகு மதுரையிலேயே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை. ‘சீலி, கேக்கியா? ஒண்ணே ஒண்ணுதான். நான் வந்து எறங்குன உடனே நீ என்னைய ஒரு தடவ நல்லாக் கட்டிப் பிடிக்கணும். ஊசி போடத் தவிர ஒரு மனுஷரும் என்னையத் தொட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?’ ‘சரிக்கா. பிடிக்கேன். எலும்பு நொறுங்கப் பிடிக்கேன்.’ சொல்லிவிட்டு ஜெயசீலி போனை வைத்தாள். வைத்த பிறகும் அவள் கண் ஜாடியில்தான் இருந்தது. பிடிக்கேன் என்று சொன்ன வாயும் மூக்கும் அதே முகத்தில்தானே இருக்கின்றன.

அப்போதுதான் முதன்முதலாகப் பயம் வந்தது. அது வரைக்கும் வந்ததெல்லாம் ஆவல். அல்லது இரண்டும் சேர்ந்தே வந்து, ஆவல் முன்னால் நின்று பயத்தை மறைத்துக்கொண்டிருந்ததா? சின்ன வயதில் இருவரும் ஒரே பாயில், அக்கா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பாள், இவள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். ‘ஏட்டி, கழுத்துல மூச்சு விடாத, சுடுது, அந்தப் பக்கமா விடு’ என்பாள் அக்கா. அப்படிச் சொன்னால் வேண்டுமென்றே இன்னும் நெருங்கி, உஸ்ஸென்று ஊதுவாள் இவள். பிடரியில் மயிர் சிலிர்க்கும். அக்கா முழங்கையால் இடிப்பாள். அந்த மூச்சில் அப்போதும் கிருமி இருந்திருக்கும், பிள்ளைகளின் மூக்குதான் இதற்குச் சொந்த ஊர். வந்து தங்கும், சில வாரம் இருக்கும், கிளம்பி அடுத்த மூக்குக்குப் போகும். நுரையீரலுக்குள் இறங்குவது அதற்கே ஒரு விபத்து, தான் குடியிருந்த மனுஷர் செத்தால் அதற்கும் வீடு போய்விடும். அப்புறம் எதற்காக இறங்குகிறது? தெரியாது. இன்னொன்றை நினைத்தால் அவளுக்கு எப்போதும் வியப்பு அடங்காது: பக்கத்தில் செத்துக் கிடக்கிற வேறு கிருமியின் உடம்பிலிருந்து துண்டு துண்டாக எடுத்துத் தன் உடம்பில் ஒட்டவைத்துக்கொள்ளும் இது. வாயில் சும்மா கிடக்கிற சாதுக் கிருமிகளிடமிருந்து பெனிசிலினை ஏய்க்கும் வித்தையை அப்படித்தான் கற்றுக்கொண்டது. யார் வாயில் நடந்தது அந்தப் பாடம்? மெடிக்கல் கடை வாசலில் நின்று ‘சளிக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க’ என்று கேட்டு, ஒரு வேளை போட்டு, சரியானதும் இன்னொரு வேளையைச் சட்டைப் பையிலேயே மறந்துபோன யாரோ ஒருவர் வாயில். அவர் நல்ல மனுஷராகவே இருந்திருப்பார். வேலைக்குப் போக வேண்டும், உப்பளத்தில் ஒரு நாள் போனால் போனதுதான். அவர் மூக்கிலிருந்து பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கு, அங்கிருந்து ஒரு பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து மாதா கோவில் பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுத்த பாட்டிகளுக்கு, அங்கிருந்து. அங்கிருந்து எங்கே? சாதாரணக் கிருமி என்றால் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் போடுகிற ஊசியே பிடித்துக்கொள்ளும். மசியாத கிருமி என்றால், எந்த மருந்து என்று தேடுவதற்குள் அக்காவின் உடம்பு பொறுக்குமா? மணி அடித்தது, அவள் வைத்த மணிதான். திறக்கலாம்.

ஜாடியைத் திறந்ததும் மெழுகும் ரத்தமும் கலந்த, சூடான வாசம். நோயாளிகளின் தட்டுகளை ஒழுங்காக ஒதுக்கிவைத்தாள், அவற்றுக்கும் முறை உண்டு, இப்போது வரும். கடைசி இரண்டையும் எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். ஒன்றில் டிஸ்க்குகளைச் சுற்றி அகல அகலமாக வெட்டவெளி, சாதுக் கிருமி, எந்த மருந்தைக் காட்டினாலும் சாகிறது. இன்னொன்றில், அடடே! பெனிசிலின் குடும்பத்து டிஸ்க்கின் விளிம்பு வரை வந்து உரசிக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பக்கத்தில், ஊரே சளிக்கு விழுங்குகிற அசித்ரோமைசினின் உறவுக்கார டிஸ்க். அதையும் அது சட்டை செய்யவில்லை, மருந்தே வைக்காத இடத்தில் வளர்வதுபோல் வளர்ந்திருக்கிறது. என்ன நெஞ்சழுத்தம்! ஸ்கேலை எடுத்தாள், அளக்க ஒன்றுமில்லை, அளக்க ஒன்றுமில்லை என்பதே பெரிய அளவு. சந்தோஷமாக இருந்தது, வெளிப்படையாகச் சொன்னால் கையைத் தட்டலாம்போல இருந்தது. ஊசி மருந்து டிஸ்க்கைப் பார்த்தாள், அங்கே ஒரு வளையம் இருந்தது, ஆனால் குறுகலாக, போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்ததுபோல. அதற்குப் பிறகுதான் மூடியைத் திருப்பினாள். கிளி மூக்கு. மற்றதைத் திருப்பினாள். சப்பை மூக்கு. ஆக, சாது இவளுடையது, அடாவடி இசக்கியுடையது. அப்பாடா. மாதாவே, அப்பாடா. பிடிக்கலாம். எலும்பு நொறுங்கப் பிடிக்கலாம். பாவம் இசக்கி என்று ஒரு தடவை நினைத்துக்கொண்டாள், நினைத்தது மரியாதைக்காகத்தான்.

தட்டைக் கீழே வைக்கப்போனவள் வைக்கவில்லை. மூடி. படம் மூடியில் இருக்கிறது. கிருமி இருப்பது அடித்தட்டில். அடித்தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு புள்ளிகூட இல்லை. நேற்று டிஸ்க் வைத்த பிறகு இரண்டு தட்டிலும் ஈரம் கோத்திருந்தது என்று மூடிகளைக் கழற்றி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் காயட்டும் என்று. அப்போது போன் அடித்தது. அக்கா. ‘சீலி, நாளைக்கு நான் உங்கிட்ட வந்துரட்டுமாடி?’ அதைக் கேட்டுக்கொண்டே, வா வா என்று சொல்லிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே மூடியை எடுத்துப் போட்டாள். எந்த மூடியை எதற்கு? வலது கையால் வலதை. இல்லை, வலது கையில் டிஸ்க் எடுக்கிற இடுக்கி இருந்தது. இடது கையால் எடுத்தாள், இடது கையால் எடுத்தால் அருகில் இருப்பதைத்தான் எடுப்போம், அருகில் இருந்தது கிளி மூக்கா? கிளி மூக்கு ஜன்னல் பக்கம் இருந்தது. அல்லது ஜன்னல் பக்கம் இருந்தது தட்டா? கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மேசை வருகிறது, வெயில் வருகிறது, அக்காவின் குரல் வருகிறது, குரலில் இருந்த அந்தக் கெஞ்சல், தனக்கு மூத்தவள் தன்னிடம் கெஞ்சுகிறாளே என்று நினைத்தது அச்சாக வருகிறது, கை மட்டும் வரவில்லை. கை என்ன செய்தது? மறுபடியும் முதலிலிருந்து. ஈரம், மூடி, போன், வலது, இல்லை இடது. நோயாளியின் தட்டாக இருந்தால் இப்படி நடக்காது, அவர்களுக்கு நம்பர் அடியில் இருக்கும். மூக்குதானே என்று, வேடிக்கைதானே என்று, படம் போட்டு விளையாடியவர்களுக்குத்தான் இது நடக்கும்.

மூடி சரியாகத்தான் போட்டிருப்பேன் என்றது மனசு. பாதிக்குப் பாதி சரியாக இருக்க வாய்ப்பு உண்டு, உனக்கு ஒன்றுமில்லை, படத்தைப் பார், சப்பை மூக்கு. யாருக்குத் தெரியும்? போன் வந்ததும் மூடி கழன்று கிடந்ததும் உனக்கு மட்டும்தான் தெரியும். மறுபடியும் மூக்கில் பஞ்சு விட்டுப் பார்த்தால் தெரிந்துபோகும், ஆனால் அதற்கு இரண்டு நாள், அக்கா இதோ வந்துவிடுவாள். இசக்கிக்கே இருக்கட்டும். அவன் கல்லுப்போல இருக்கிறான், அவனை இது ஒன்றும் செய்யாது, இருந்துவிட்டுப் போகட்டும், அவன் மூக்கிலேயே. அந்த நினைப்பின் வால் முடிவதற்குள் அதன் தலை திரும்பி அவளைப் பார்த்தது. இசக்கி வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது. முகம்கூட இன்னும் தெளியவில்லை, போனில் படம் காட்டினான், துணிச் சுருட்டலுக்கு நடுவில் ஒரு துளி மூக்கு. நீளமா சப்பையா என்று சொல்ல முடியாத மூக்கு. அந்த வீட்டுக்கு இது போகட்டும் என்றா வேண்டிக்கொண்டு நிற்கிறாய், ஜெயசீலி? மாதாவே அப்பாடா என்றாயே, எதற்கு நன்றி சொன்னாய்? அவளுக்கு வெட்கமாக இருந்தது, முகமெல்லாம் சூடாகிவிட்டது. கையில் தட்டு இன்னும் வெதுவெதுவென்று இருந்தது. உனக்கு யாரும் வேண்டாம், இல்லையா என்று அதைக் கேட்டாள். அக்காவும் வேண்டாம், அந்தப் பிள்ளையும் வேண்டாம், ஒரு மூக்கு இருந்தால் போதும். உன்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை பார்.

‘யாரு மூக்கு மேடம் ஜெயிச்சது?’ என்று கேட்டுக்கொண்டே இசக்கிராஜ் டீயோடு வந்தான். அவள் தட்டைக் காட்டினாள். அவன் விசிலடித்தான், அவனுக்கும் முதலில் சந்தோஷம்தான், இந்த வேலையில் இருப்பவர்களே இப்படித்தான். பிறகு மூடியைப் பார்த்தான். ‘என்னுதா?’ குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. சப்பை மூக்கு மூடி அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆமாம் என்று தலையை அசைத்தால் போதும், பேசக்கூட வேண்டாம். ‘தெரியாது இசக்கி’ என்றாள். ‘நேத்து ரெண்டு மூடியையும் கழத்தி வச்சிருந்தேன். போன் வந்துது. எதுக்கு எதைப் போட்டேன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. என்னுதாவும் இருக்கலாம், உன்னுதாவும் இருக்கலாம். இன்னைக்கே ரெண்டு பேரும் மறுபடியும் மூக்குக் குடுப்போம். அது வரைக்கும் ரெண்டு பேருதும்னு வச்சுக்கிடுவோம்.’ அவன் டீயைக் கீழே வைத்தான். ‘மாத்திரை எதும் போடணுமா மேடம்?’ ‘வேண்டாம். நமக்கு ஒண்ணும் செய்யல. மாத்திரை போட்டா அது இன்னும் நல்லாப் படிச்சிரும். தானாப் போகட்டும்.’ ‘பிள்ளையத் தூக்கலாமா?’ ‘தூக்கு. மாஸ்க் போட்டுக்க, கையக் கழுவிக்க. முத்தம் மட்டும் வேண்டாம்.’ ‘முத்தம் குடுக்கதுக்குத்தான் மேடம் நான் சாயந்திரம் வீட்டுக்கே ஓடுதேன்’ என்றான் அவன். சிரிக்கத்தான் சொன்னான், இருவரும் சிரிக்கவில்லை. நோயாளிகளின் தட்டுகளை அவன் அளந்து சொல்ல, அவள் எழுதினாள். பேனாவை எடுத்து இரண்டு மூக்குத் தட்டின் அடியிலும் கேள்விக்குறி போட்டாள். அது ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது.

ஊருக்குச் சற்று முன்னால் வருகிற குறுக்குச்சாலையிலிருந்து அக்கா போன் செய்தபோதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள், ‘வந்துட்டேன்டி, உப்பு வாசம் அடிக்கி’ என்று அக்கா சொன்னதும் மூடிக்கொண்டாள். போனில் சொன்னால் வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவாள், ரோஷக்காரி. மறுபடியும் அந்த மதுரை அறை, கதவுக்கு வெளியே நிற்கிற மனுஷர்கள். சொல்லாமலே கட்டிக்கொண்டால்? ஒரு தடவைதானே. ஒரு மூச்சு. ஒரு மூச்சில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டு ஒரு மூச்சுதானே என்றா சொல்வது? கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள், இறுக்கமான மாஸ்க்கை எடுத்து மூக்கின்மேல் அழுத்தி மாட்டினாள், சப்பை மூக்கில் அது எப்போதுமே சரியாக உட்காராது, மறுபடியும் அழுத்தினாள். படியிறங்கும்போது, வீட்டில் அக்காவுக்குக் கடல் பார்த்த அறையை ஒழித்துக் கொடுத்துவிடலாம், தான் முன்னறையில் ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு படுக்கலாம், மாஸ்க்கோடே கஞ்சி காய்ச்சலாம் என்று கணக்கெல்லாம் சரியாக வந்தது. முதல் வார்த்தை மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே வண்டி நின்றது. அக்கா இறங்கினாள், தலையில் நீலத் துப்பட்டா, அதற்குக் கீழே முகம் பாதியாகச் சுருங்கிக் கண் மட்டும் பழைய கண்ணாக. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். ஜெயசீலி ஓர் அடி பின்னால் வைத்தாள். வைத்துவிட்ட பிறகுதான் அதைச் செய்தது தன் கால் என்று தெரிந்தது. விரித்த கை அப்படியே நின்றது. ‘என்னட்டி?’ என்றாள் அக்கா. பிறகு மெதுவாக, ‘நீயுமா?’

‘அக்கா, உங்கிட்ட ஒண்ணும் இல்ல. எங்கிட்டத்தான்’ என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்ததும் எல்லாம் ஒன்றாகக் கொட்டியது, மூக்கு, மூடி, கிளி மூக்கு, இசக்கியின் பிள்ளை, மருந்துக்கு மசியாதது, ஒருவேளை தன் மூக்கில் இல்லாமலும் இருக்கலாம், ஆனால் இருக்கலாம், போன் வந்த நேரம், கை மறந்துபோனது. அழுகிறோம் என்று தெரியாமல் அழுதாள், மாஸ்க் நனைந்து ஒட்டியது. அக்கா எல்லாவற்றையும் நின்று கேட்டாள். கையைக் கீழே இறக்கினாள். ‘அப்ப நீதான் எனக்கு ஒட்டுவாரொட்டி’ என்றாள். உதடு கோணியது, அது சிரிப்பு என்று தெரிய ஜெயசீலிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ‘இவ்வளவு நாளா எல்லாரும் எனக்குப் பயந்து தள்ளி நின்னாங்க. மொதத் தடவையா ஒருத்தி எனக்காகத் தள்ளி நிக்கா.’ சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள், வேப்பமரம், டிரைவர், வாசலில் இளநீர்க்காரர். பிறகு யோசித்து முடித்தவள்போலத் திரும்பி, ஜெயசீலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். துப்பட்டாவுக்குக் கீழே பிடரி தெரிந்தது, ஒரு மயிர்கூட இல்லாமல், வெளுப்பாக, பச்சைப் பிள்ளையின் பிடரிபோல.

‘பிடி’ என்றாள் அக்கா. ‘மூச்ச மட்டும் அந்தப் பக்கமா விடு.’

ஜெயசீலி பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். கைக்குள் அக்கா சின்னதாகிப் போயிருந்தாள், எலும்பெல்லாம் கைக்குத் தெரிந்தது. முகத்தை முழுவதுமாகத் தெருப் பக்கம், கடற்காற்று வருகிற பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் அக்கா சொன்னதை முதல் தடவையாகக் கேட்டாள்.